ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஐபி மாறுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆட்களுக்கும் விளங்கட்டும். உவர்மலையில் உங்கள் வீட்டில் ஃபைபர் லைன், ரவுட்டரை அணைத்துப் போட்டாலே ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டுகிற இலக்கம், மாறிவிடுகிறது. ரொறொன்ரோவில் அக்கா வீட்டில் கேபிள் லைன், எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் அதே இலக்கம்தான். நிலாவெளியில் நீங்கள் நடத்துகிற கெஸ்ட் ஹவுஸில் 4ஜி ரவுட்டர், அது ஒரு முகவரியைக் காட்டுகிறது, இணையத்தில் பார்த்தால் வேறொன்று வருகிறது, அங்கே பூட்டிய கமராவை வீட்டிலிருந்து பார்க்கவும் முடியவில்லை. ஏன் மூன்றும் மூன்று மாதிரி, புது ஐபி வேண்டுமென்றால் என்ன செய்வது, இதுதான் கேள்வி.

மூன்று இடத்திலும் முகவரி உங்களுடையது இல்லை, சேவை தருகிற நிறுவனம் தற்காலிகமாகத் தருவது. எந்த ஒப்பந்தத்தில் தருகிறார்கள் என்பதுதான் இடத்துக்கு இடம் வேறு. அதைப் பிடித்துக்கொண்டால் எப்போது மாறும், எப்போது மாறாது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதில்தான் வழி தவறுகிறது. உங்கள் லப்டொப்பில் 192.168 என்று தொடங்குகிற முகவரி ஒன்று தெரியும். அது உங்கள் ரவுட்டர் வீட்டுக்குள் கொடுத்தது, வெளி உலகத்துக்கு அது தெரியவே தெரியாது. அதே இலக்கம் பாலையூற்றில் ஒரு வீட்டிலும் இருக்கும், கிண்ணியாவில் நூறு வீட்டிலும் இருக்கும். விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து ரிலீஸ், ரினியூ என்று கட்டளை அடிக்கச் சொல்லிப் பல காணொளிகள் இருக்கின்றன. அதைச் செய்தால் லப்டொப் ரவுட்டரிடம் வாங்கிய முகவரி மட்டுமே புதுப்பிக்கப்படும். நீங்கள் கேட்பது ரவுட்டர் வெளியே நிறுவனத்திடம் வாங்கி வைத்திருக்கிற முகவரி. அது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான் (WAN) ஸ்டேட்டஸ்' அல்லது 'இன்டர்நெட் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் இருக்கும். இனி ஐபி என்று நான் சொல்வதெல்லாம் அதைத்தான்.

ஏன் நிரந்தரமாகவே ஒரு இலக்கத்தைத் தந்துவிடக் கூடாது? இல்லாததுதான் காரணம். பழைய ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம், ஆகவே மொத்தமே 4,294,967,296 முகவரிகள், அதிலும் ஒரு பகுதி வேறு தேவைகளுக்காக ஒதுக்கப்பட்டது. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பெப்ரவரி 3 அன்று பிராந்தியப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்து முடித்தார்கள். இலங்கை வருவது ஏப்நிக் என்ற ஆசிய பசிபிக் பதிவகத்தின் கீழ். அங்கே அதே வருடம் ஏப்ரல் நடுப்பகுதியிலேயே கடைசித் தொகுதிக்கு வந்து, ரேஷன் போல அளந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது புதிதாகச் சேர்கிற ஒரு நிறுவனத்துக்கு ஏப்நிக் தருவது ஆகக்கூடியது 512 முகவரிகள். அதனால் கையில் இருக்கிறதைச் சுழற்றிக் கொடுப்பதைத் தவிர நிறுவனங்களுக்கு வேறு வழி இல்லை.

சரி, அக்கா வீட்டிலிருந்து தொடங்குவோம். அதுதான் பாடப்புத்தக முறை. கேபிள் இணைப்புகளில் பெரும்பாலும் டிஎச்சிபி, அதாவது கேட்கிற கருவிக்குத் தானாக முகவரி கொடுக்கிற முறை. ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதி வைக்கிற ஆவண வரிசை, 1997 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணத்தில் இருக்கிற விதிகள்தான் இன்றைக்கும் அடிப்படை. ரவுட்டர் எழும்பும்போது அதற்கு முகவரியே இல்லை, எனவே 0.0.0.0 என்று தன்னைச் சொல்லிக்கொண்டு 255.255.255.255 என்ற எல்லோருக்குமான முகவரிக்கு "யாராவது முகவரி தருவீர்களா" என்று ஒரு பொட்டலத்தை அனுப்பும். நிறுவனத்தின் சேர்வர் "இது தரலாம்" என்று ஒன்றை நீட்டும். ரவுட்டர் "அதையே எடுக்கிறேன்" என்று முறைப்படி கேட்கும். சேர்வர் "சரி, இத்தனை நேரத்துக்கு உனக்கு" என்று உறுதி செய்யும். நாலே நாலு செய்தி. ஒரே முகவரிக்கு வருகிறதை எந்த வேலைக்கு என்று பிரிக்கிற கதவு இலக்கம்தான் போர்ட், சேர்வர் 67ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கும், ரவுட்டர் 68இல்.

அந்த "இத்தனை நேரத்துக்கு" என்பதுதான் விஷயம். அதைக் குத்தகைக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற ஆள் நீங்கள், உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: நாலு நாளுக்கு அறை எடுத்த ஒருவர் நாலாம் நாள் காலையில் வந்து நிற்பதில்லை, இரண்டாம் நாளே "இன்னும் நாலு நாள் இருக்கலாமா" என்று கேட்டுவிடுகிறார். ரவுட்டர் செய்வதும் அதே. குத்தகையில் சரிபாதி போனதும் தனக்கு முகவரி தந்த சேர்வரிடம் நேரடியாக நீட்டிப்புக் கேட்கும். பதில் வராவிட்டால் இடைக்கிடை திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். 87.5 வீதம் போயும் பதில் இல்லை என்றால், அதாவது நாலு நாள் குத்தகையில் மூன்றரை நாள் ஆகியும் சத்தமில்லை என்றால், இனி எந்தச் சேர்வர் என்றாலும் பரவாயில்லை என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கத் தொடங்கும். முழுக் காலமும் முடிந்துவிட்டால் அந்த முகவரியைப் பாவிப்பதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண நாளில் பாதியிலேயே நீட்டிப்புக் கிடைத்துவிடுவதால் ரவுட்டர் மாதக்கணக்கில் ஒரே முகவரியோடு ஓடும்.

அணைத்துப் போட்டாலும் ஏன் மாறவில்லை என்பதற்கும் விடை அதே ஆவணத்திலேயே இருக்கிறது. ஒரு ரவுட்டர் வந்து கேட்கும்போது சேர்வர் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஆளுக்கு இப்போது நடப்பில் ஒரு குத்தகை இருக்கிறதா? இருந்தால் அதே. காலாவதியான பழையது ஏதாவது இருந்து, அது இன்னும் வேறு யாருக்கும் போகாமல் இருந்தால் அதையே திரும்பக் கொடு. அதுவும் இல்லை என்றால் அவர் கேட்கிற முகவரி காலியாக இருந்தால் அதைக் கொடு. கடைசியில்தான் பொதுக் கையிருப்பிலிருந்து புதியது. இந்த வரிசையைப் பார்த்தால் விளங்கும், அக்கா ஐந்து நிமிடம் அணைத்து வைத்தாலும் ஒரு இரவு முழுக்க அணைத்து வைத்தாலும் சேர்வர் அவவை மறப்பதில்லை. அங்கே மாற்ற வேண்டுமென்றால் சேர்வர் "இது வேறு ஆள்" என்று நினைக்க வேண்டும். சேர்வர் ஆளை அடையாளம் காண்பது பெரும்பாலும் ரவுட்டருக்குத் தயாரிக்கும்போதே இடப்படுகிற மேக் முகவரி என்ற அடையாள இலக்கத்தை வைத்து, எனவே வேறு ரவுட்டர் பூட்டினால் புது ஐபி வரும். அல்லது பல ரவுட்டர்களில் மேக் குளோன் என்று ஒரு வசதி இருக்கும், அதில் இலக்கத்தை மாற்றினாலும் வரும். கேபிள் மொடெம் தனிப் பெட்டியாக இருந்தால் அதையும் சேர்த்து அணைத்துப் போட வேண்டும், பல மொடெம்கள் எழும்பியதும் முதலில் கண்ட மேக்கைப் பிடித்துக்கொண்டு மற்றதை உள்ளே விடாது.

இனி உவர்மலை வீடு. நீங்கள் சொல்கிற அறிகுறி பிபிபிஓஈ முறையைக் காட்டுகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வகை என்ற இடத்தில் அந்தப் பெயரும், பக்கத்தில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் உறுதி. 1999 பெப்ரவரியில் ஆர்எஃப்சி 2516 ஆக வந்த முறை இது. டயல்அப் காலத்தில் தொலைபேசி இணைப்புக்கு இருந்த பயனர் பெயர், கடவுச்சொல் பழக்கத்தை ஈதர்நெட்டுக்கு மேல் கொண்டுவந்தார்கள். தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் இணைப்புகள் பெரும்பாலும் இதில் ஓடின, ஃபைபர் வந்த பிறகும் பல நாடுகளில் பல நிறுவனங்கள் கைவிடவில்லை, ஏனென்றால் கணக்கு வைக்கிற, பாவனையை அளக்கிற, பில் கட்டாதவரை நிறுத்துகிற ஏற்பாடு எல்லாம் ஏற்கனவே அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறது.

இங்கே குத்தகை என்ற பேச்சே இல்லை, இருப்பது அமர்வு. ரவுட்டர் முதலில் "இங்கே சேவை தருகிற யாராவது உண்டா" என்று கூவும். நிறுவனத்தின் எல்லையில் இருக்கிற பெரிய கருவி பதில் சொல்லும். இரண்டும் பேசி ஒரு அமர்வு எண்ணை வைத்துக்கொள்ளும். பிறகு லைன் விபரங்கள், பிறகு பயனர் பெயர், கடவுச்சொல். அந்தப் பெரிய கருவி உள்ளே இருக்கிற ரேடியஸ் சேர்வரிடம் "இந்த ஆளை விடலாமா" என்று கேட்டு உறுதி செய்யும். கடைசியில்தான் முகவரி, அதைக் கேட்கிற விதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ரவுட்டர் "என் முகவரி 0.0.0.0, சம்மதமா?" என்று கேட்கும். எதிர்ப்பக்கம் "சம்மதமில்லை, இதைப் போடு" என்று ஒரு இலக்கத்தைச் சொல்லி மறுக்கும். ரவுட்டர் அந்த இலக்கத்தையே வைத்துத் திரும்பக் கேட்கும், இப்போது சம்மதம். மறுப்பின் உள்ளேயே முகவரியை வைத்துக் கொடுக்கிறார்கள்.

அமர்வு இருக்கும்வரை முகவரி உங்களுடையது. அமர்வு அறுந்த அடுத்த கணமே அது கையிருப்புக்குத் திரும்பிவிடும், திரும்ப நுழையும்போது அந்த நேரத்தில் எது காலியோ அது கிடைக்கும். பழைய ஆள் என்ற ஞாபகம் எல்லாம் பொதுவாக இல்லை. ரேடியஸில் உங்கள் பயனர் பெயருக்கு நேரே ஒரு முகவரியை நிரந்தரமாக எழுதி வைத்தால் மட்டும் மாறாது, நிறுவனங்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிற ஸ்டாட்டிக் ஐபி பெரும்பாலும் அந்த ஒரு வரிப் பதிவுதான். சில நாடுகளில் நிறுவனமே அமர்வை நேரம் வைத்து அறுக்கும். ஜெர்மனியில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பல டிஎஸ்எல் இணைப்புகள் 24 மணிக்கு ஒருமுறை தானாகத் துண்டித்துப் புது முகவரி எடுத்த காலம் நீண்ட நாள் இருந்தது.

எனவே உங்கள் வீட்டில் புது ஐபி வேண்டுமென்றால் ரவுட்டரின் சுவிட்சைக்கூடத் தொட வேண்டியதில்லை. 'வான்' பக்கத்தில் டிஸ்கனெக்ட் என்ற பொத்தான் இருந்தால் அதை அமுக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, கனெக்ட் கொடுங்கள். அதுவே நல்ல முறையும். ஏனென்றால் பொத்தானால் அறுத்தால் ரவுட்டர் "நான் போகிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போகும். கரண்ட் போனால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அந்தப் பக்கத்துக் கருவி இடைக்கிடை "இருக்கிறாயா" என்று கேட்டுப் பார்த்து, பல தரம் பதில் வராத பிறகுதான் அமர்வை மூடும். ஒரு பயனர் பெயருக்கு ஒரு அமர்வுதான் என்று கட்டுப்பாடு இருந்தால், பழையது மூடும்வரை புதியதை உள்ளே விடமாட்டார்கள். கரண்ட் வந்த கையோடு ரவுட்டர் எழும்பியும் இணையம் வராமல் ஒன்றிரண்டு நிமிடம் சிவப்பு விளக்கு எரிவதற்கு இது ஒரு காரணம். அந்த நேரத்தில் பொறுமை இழந்து திரும்பத் திரும்ப அணைத்துப் போடாதீர்கள், ஓடவிட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். பின்பக்கம் ஊசி போகிற அளவில் ஒரு துளை இருக்கும், ரீசெட் என்று. ஐபி மாற்றுவதற்கு அதை அமுக்கவே கூடாது. அமுக்கினால் பயனர் பெயர், கடவுச்சொல், ஃபைபருக்கு நிறுவனம் போட்டு வைத்த விஎல்ஏஎன் இலக்கம் எல்லாம் அழிந்துபோகலாம், பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மறுபக்கம், ஐபி மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று வைத்துவிடுங்கள். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்திலிருந்து இது நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். நிறுவனத்தின் பக்கம் கரண்ட் இருக்கும்வரை அமர்வு அறாது, முகவரியும் மாறாது.

நிலாவெளிக்கு வருவோம், உங்கள் உண்மையான தலையிடி அங்கேதான். 4ஜி ரவுட்டர் என்பது உள்ளே சிம் போட்ட ஒரு போன். அது வலையமைப்பில் பதியும்போது, நிறுவனத்தின் உள்மையத்தில் இருக்கிற நுழைவாயில் கருவி ஒன்று முகவரியைக் கொடுக்கும். டவருக்கும் முகவரிக்கும் நேரடித் தொடர்பில்லை. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தம்பலகாமம் தாண்டிக் கந்தளாய் வரை போனால் வழியில் எத்தனையோ டவர் மாறும், ஆனால் இணைப்பு அறாமல் இருந்தால் முகவரி அதேதான், ஏனென்றால் அது அந்த நுழைவாயிலில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. போனை ஃபிளைட் மோடில் போட்டு எடுத்தால், அல்லது ரவுட்டரை அணைத்துப் போட்டால், புதுப் பதிவு, பெரும்பாலும் புது முகவரி.

ஆனால் அந்தப் புது முகவரியால் உங்களுக்குப் பயனில்லை. ரவுட்டர் காட்டுகிற இலக்கத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் தொடங்குகிறதா, அல்லது 10 என்று தொடங்குகிறதா? அப்படியென்றால் அது பொது முகவரியே இல்லை. 100.64.0.0 தொடங்குகிற அந்தத் துண்டை 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 வழியாக இதற்கென்றே ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டர் வீட்டுக்குள் எல்லோரையும் ஒரு முகவரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறது அல்லவா, நிறுவனமும் அதே வேலையை இன்னொரு தரம் பெரிய அளவில் செய்கிறது. சிஜிநாட் என்பார்கள். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், ஒரு முகவரிக்கு இருக்கிற 65,536 போர்ட் இலக்கங்களைப் பங்கிட்டு யாருடையது எது என்று பிரித்துக்கொள்கிறார்கள். நீங்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து ஒருவர் நேரே உங்களிடம் வர முடியாது, ஏனென்றால் பொது முகவரியில் வந்து நிற்கிற பொட்டலத்தை யாரிடம் அனுப்புவது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபோர்வேர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுகிற அமைப்பு) போட்டாலும் கமரா தெரியாததன் காரணம் இதுதான். கமரா பூட்டியவரில் பிழை இல்லை. சில தளங்கள் திடீரென்று "நீங்கள் மனிதர்தானா" என்று படம் காட்டிக் கேட்பதும் இதனால் நடக்கும். அதே பொது முகவரியில் இருக்கிற முகம் தெரியாத யாரோ செய்த வேலைக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள்.

கமராவுக்கு வழி உண்டு. கமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கிற பி2பி முறை சிஜிநாட்டுக்குப் பின்னாலும் வேலை செய்யும், ஏனென்றால் கமராவே முதலில் வெளியே போய்ப் பேசுகிறது. படம் மூன்றாம் ஆளின் சேர்வர் வழியாகப் போகக்கூடும் என்பது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. அறைகளில் ஆட்கள் தங்குகிற இடம், கமரா எங்கே பார்க்கிறது என்பதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் வீட்டு ஃபைபர் லைனில் வயர்கார்ட் போன்ற விபிஎன் ஒன்றை, அதாவது இரண்டு இடத்தையும் இணையத்துக்குள்ளால் ஒரு பூட்டிய குழாய் போல இணைக்கிற ஏற்பாட்டை, செய்து, நிலாவெளி ரவுட்டரை வீட்டுக்கு அழைக்க வைப்பேன். வீட்டு ஐபி மாறுகிறதே என்றால் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றைப் போடுங்கள், அது ஒரு பெயரை உங்களுக்குத் தந்து, முகவரி மாறும்போதெல்லாம் ரவுட்டர் போய் "இப்போது நான் இங்கே" என்று புதுப்பிக்கும். வீட்டு லைன் உண்மையில் பொது முகவரிதானா என்று முதலில் பார்க்க மறக்காதீர்கள், ஃபைபரிலும் சிஜிநாட் வைக்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. 'வான்' பக்கத்தில் தெரிகிற இலக்கமும் இணையத்தில் உங்கள் ஐபி என்று காட்டுகிற இலக்கமும் ஒன்றாக இருந்தால் சரி.

ஐபி மாற்றினால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். இலக்கத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. அணைத்துப் போட்ட பிறகு வேகமாக இருந்தால், தொங்கிக்கொண்டிருந்த ரவுட்டர் புதிதாக எழும்பியதால் இருக்கலாம். ஐபி மாற்றினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் தவறு. எந்த நேரத்தில் எந்த முகவரி எந்தக் கணக்குக்குப் போனது என்று நிறுவனங்கள் பதிவு வைப்பது வழக்கம்.

ஐபிவி6 என்ற புதிய, நீளமான முகவரி முறை இருந்தால் கதை கொஞ்சம் வேறு. அங்கே ரவுட்டர் ஒரு முகவரியைக் கேட்பதோடு நிற்காமல், வீட்டுக்கென்று ஒரு முழுத் துண்டையே டிஎச்சிபிவி6 வழியாகக் கேட்டு வாங்கும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் அதிலிருந்து சொந்தப் பொது முகவரி கிடைக்கும், சிஜிநாட் தேவையில்லை. அந்தத் துண்டுக்கும் ஆயுட்காலம் உண்டு, அதுவும் மாறலாம். உவர்மலை, நிலாவெளி இரண்டு இணைப்பிலும் ரவுட்டரில் ஐபிவி6 பகுதி இயக்கத்தில் இருக்கிறதா, அங்கே 2 என்று தொடங்குகிற நீளமான முகவரி ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு அழைக்கும்போது வெறுமனே "ஐபி பிரச்சினை" என்று சொன்னால் அணைத்துப் போடச் சொல்லிவிடுவார்கள். "என் இணைப்பு சிஜிநாட்டுக்குப் பின்னாலா, பொது ஐபிவி4 முகவரி தருவீர்களா, மாதம் எவ்வளவு, ஐபிவி6 உண்டா" என்று இப்படியே கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று, நிலாவெளி ரவுட்டர் காட்டுகிற இலக்கத்தின் முதல் இரண்டு பகுதியோடு சேர்த்து எழுதுங்கள், விபிஎன்னை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். முழு இலக்கத்தையும் பொதுவில் போட வேண்டாம்.